முதலாமவன், ஒரே ஒருவன்

இந்த விசாரணை அறையில் குரல் நன்றாக எடுக்கிறது, ஐயா. கூரை இவ்வளவு தாழ்வாக இருந்தும் கடைசிச் சொல் மங்காமல் கேட்கிறது. எபேசில் அத்தனை பெரிய அரங்கம் கட்டியிருக்கிறார்கள், மேல்வரிசைக்காரன் பாதிப் பேச்சை ஊகித்துத்தான் அழவேண்டும். இங்கே அந்தக் கஷ்டம் இல்லை.

உங்கள் எழுத்தர் கொஞ்சம் மெதுவாக எழுதுகிறார். பரவாயில்லை, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். தூதுவன் வேடம் எனக்குப் பழக்கம்தான். எங்கள் நாடகங்களில் சாவு மேடையில் நடக்காது, அரண்மனைக்குள்ளே நடக்கும். தூதுவன் வெளியே வந்து, யார் செத்தார், எப்படி விழுந்தார் என்று நிதானமாகச் சொல்வான். அவனே அழ ஆரம்பித்துவிட்டால் கூட்டத்துக்கு ஒன்றும் விளங்காது.

நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சந்தையில் வேறு மாதிரிப் பேசுகிறார்களாம்.

என் கல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் நாடகத் தெய்வம் தியோனிசோஸின் கோயில் முற்றத்தில், அரங்கத்துக்குப் போகும் வாசலை ஒட்டி நிற்கிறது. திரல்லெஸ் நகரத்தில் அதைப் பார்க்காதவர் இருக்க முடியாது, ஏனென்றால் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். நேராக வழியில் இருக்கிறது என்று ஆரம்பத்தில் சிலர் குறைப்பட்டார்கள். இப்போது பழகிவிட்டார்கள். அதில் இப்படி இருக்கிறது: "தியோனிசோஸ் தெய்வத்துக்கும் தாய்நகருக்கும். அர்தெமோனின் மகன் அர்தெமோன், துயர நாடக நடிகன், எபேசு, சிமிர்னா, திரல்லெஸ் ஆகிய மூன்று நகரங்களிலும் ஒரே ஆண்டில் முடிசூடியவன், இதைச் செய்தவர்களில் முதலாமவன், ஒரே ஒருவன், நேர்ந்துகொண்டபடி வைத்தது."

கல் நட்ட அன்று தெயுதாஸும் வந்திருந்தான். தெயுதாஸ் என் இரண்டாம் நடிகன். அரசி, செவிலி, மகனைப் பறிகொடுத்த தாய் எல்லாம் அவன்தான். ஆள் எருமை மாதிரி இருப்பான், மார்பெல்லாம் மயிர். ஆனால் முகமூடியை மாட்டிக்கொண்டு "என் கண்ணே" என்று ஒரு சொல் சொன்னால், மேல்வரிசையில் வறுத்த கொண்டைக்கடலை கொறிக்கிறவன் வாய் அப்படியே நின்றுவிடும். அன்றைக்கு அவன் கல்லை முன்னால் நின்று படித்தான். பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தான்.

"என்னடா தேடுகிறாய்?" என்றேன்.

"இல்லண்ணே, என் பேரு பின்னாடி இருக்கோன்னு பாத்தேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னான். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எல்லோரையும் விட அதிகமாக அழுததும் அவன்தான். அவனுக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. அதுதான் பின்னால் கஷ்டமாகப் போயிற்று.

அடுத்த ஆண்டே லவோதிக்கேயா ஊர் நடிகன் மெலித்தோன் எபேசிலும் சிமிர்னாவிலும் நாடகப் போட்டியில் வென்றுவிட்டான். எங்கள் ஊர் விழா ஒன்றுதான் பாக்கி. கோயில் பூசாரி பாப்பியாஸ் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். தெய்வத்துக்கு ஊற்றும் மதுவை முதலில் தான் ருசி பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார், தெய்வத்துக்குக் கெட்டது போய்விடக்கூடாது என்று.

"என்னய்யா அர்தெமோன், மெலித்தோன் இங்கயும் ஜெயிச்சுட்டான்னா உன் கல்லு பொய் சொல்லுமே?"

"முதலாமவன் நான்தானே?"

"அது நீதான். யாரு இல்லேன்னா? கூடவே ஒரே ஒருவன்னு வேற போட்டு வெச்சிருக்கியே. கல்தச்சனைக் கூப்பிட்டு அதை மட்டும் செதுக்கி எடுத்துடு. கையகலப் பள்ளம்தான் விழும்."

நீங்களே சொல்லுங்கள், ஐயா. நம் ஊரில் கல்லிலிருந்து யாருடைய எழுத்தைச் செதுக்கி எடுக்கிறார்கள்? கெட்ட பெயர் எடுத்துச் செத்த பேரரசர்களின் பெயரை. அந்தக் கையகலப் பள்ளத்தைப் பார்க்கிறவன், மீதி எழுத்தைப் படிக்கமாட்டான். இங்கே என்ன இருந்தது என்றுதான் பக்கத்தில் இருப்பவனைக் கேட்பான். அது போகட்டும், என் மானம் பெரிதில்லை. தெய்வத்துக்கு எழுதிக் கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது? தெய்வத்தின் முற்றத்தில் ஒரு பொய் நிற்பதை நான் எப்படிப் பொறுப்பது? கல்லைத் திருத்துவதைவிட ஆளைத் திருத்துவது மரியாதை என்று எனக்குப் பட்டது.

மெலித்தோன் விழாவுக்கு வந்தபோது என் வீட்டில்தான் தங்கினான். நானே அழைத்தேன். குரலைக் காப்பாற்றுவதில் அவன் பெரிய ஆள். ஆப்பிள் தொடமாட்டான். எண்ணெயில் ஊறிய வெங்காயத்தாள்தான் காலை உணவு. நெஞ்சில் ஈயத் தகட்டை வைத்துக்கொண்டு, மல்லாந்து படுத்துத்தான் பாடம் சொல்லிப் பார்ப்பான். மூச்சு பலப்படுமாம். அந்த நிலையில் இரண்டு கையும் தகட்டைப் பிடித்திருக்கும் என்பதால், தொண்டைக்கு இதமாக யார் எதை ஊட்டினாலும் வாயைத் திறப்பான். நான் தேன் ஊட்டினேன். தேனில் என்ன கலந்தேன் என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அந்தச் செடியின் பெயர் சரியாக வராது.

அவன் இப்போது லவோதிக்கேயாவில் கம்பளி வியாபாரம் செய்கிறான். பேச்சு வராது. விலையைக் கைவிரலால் காட்டுவான். எதிராளி எவ்வளவு கத்தினாலும் பதில் பேரம் பேச முடியாததால், சொன்ன விலைக்கே எல்லாம் போகிறதாம். மனைவியும் முன்னைக்கு இப்போது சந்தோஷமாக இருப்பதாகக் கேள்வி. மொத்தத்தில் அவனுக்கு நான் கெடுதல் செய்துவிட்டதாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சில ஆண்டுகள் அமைதியாகப் போயின. யாராவது எபேசில் வெல்வான், சிமிர்னாவில் தோற்பான். எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அப்புறம் பிலேரோஸ் வந்தான்.

பிலேரோஸ், மயாந்தர் ஆற்றுக்குத் தெற்கே அலபந்தா ஊர்க்காரன். திறமை உண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் தண்ணீர்த் தொட்டியைக் கண்டால் குனிந்து தன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைக் குடிக்கவிடுவான். அவனும் இரண்டு நகரங்களில் வென்று, சொந்த ஊர் போய் மாலை மரியாதை எல்லாம் வாங்கிக்கொண்டு, எங்கள் ஊர் விழாவுக்குப் படகேறினான். நான் முன்கூட்டியே ஆள் அனுப்பியிருந்தேன்: இந்தக் கரையில் இருக்கிற எளிய ஜனங்கள் அரங்கத்துக்கு வர வசதியில்லாதவர்கள், உங்களை முழு வேடத்தில் ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டால் பிறவி எடுத்த பயனை அடைவார்கள்.

கரையில் துணி வெளுப்பவர்களையும் வெங்காய வண்டிக்காரர்களையும் கூட்டி வைத்தேன். தெயுதாஸும் மாலையோடு வந்தான். "எதிராளிக்கு மாலை போட இத்தனை தூரம் வர்றீங்களே, உங்க மனசு யாருக்குண்ணே வரும்?" என்றான். கண் கலங்கியிருந்தது.

படகு நடு ஆற்றுக்கு வந்தது. பிலேரோஸ் எழுந்து நின்றான். சாண் உயர அடிக்கட்டை வைத்த காலணி, உடம்பைப் பெரிதாகக் காட்ட நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டும் கம்பளித் திணிப்பு, அதன்மேல் பொன்சரிகை அங்கி, முகமூடி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் கைத்தட்டினோம். அவன் வணங்கினான். இன்னும் பலமாகத் தட்டினோம். இன்னும் தாழ்வாக வணங்கினான். "இன்னொரு தரம், பிலேரோஸ்," என்று நான் குரல் கொடுத்தேன். தண்ணீர்மேல் என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வணக்கம் உண்மையிலேயே அழகு. இடுப்பிலிருந்து அப்படியே வளைந்தான். வளைந்தவன் நிமிரவில்லை.

கம்பளி தண்ணீரை நன்றாகக் குடிக்கும். வெங்காயக்காரர்கள் அதையும் நாடகம் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தார்கள். தெயுதாஸ் மட்டும் ஆற்றில் குதித்தான். நீச்சல் அவனுக்கும் தெரியாது. அவனை இழுத்துப் போடுவதற்குள் வண்ணார்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கையில் ஒற்றைக் காலணியைப் பிடித்தபடி, "நான் கொஞ்சம் மெதுவா தட்டியிருக்கலாம்ணே" என்று அழுதான். எனக்கும் சங்கடமாக இருந்தது. ஆனால் கைத்தட்டுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் நான் கேட்டதில்லை. இருந்தால் சொல்லுங்கள், அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

இனி தெயுதாஸ்.

இந்த ஆண்டு எனக்கு இருமல். எபேசுக்குப் போய் இறங்கிய பிறகு குரலே எழும்பவில்லை. பேரைப் பதிந்தாகிவிட்டது, பின்வாங்கினால் குழுவுக்கே அவமானம். என் வேடத்தைத் தெயுதாஸ் கட்டினான். என்னை வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டுச் சிமிர்னாவுக்கும் அவனே போனான். திரும்பி வந்ததும் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். பையிலிருந்து ஒரு பாலாடைக்கட்டியை எடுத்து எனக்குக் கொடுத்தான். அதன் அடியில் இரண்டு இலைக் கிரீடங்கள் நசுங்கிக் கிடந்தன.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. ஜெயிச்சுட்டேன்."

"இரண்டிலுமா?"

"நான் சும்மாதாண்ணே நின்னு பேசினேன். அவங்களாக் குடுத்துட்டாங்க." உட்கார்ந்தான். "நீங்க கவலையே படாதீங்க. இங்க நான் தோத்துடறேன். பாதியில வசனத்த மறந்த மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கறேன். இல்லாட்டிக் காய்ச்சல்னு படுத்துக்கறேன். ததியாகிட்டகூடச் சொல்லிட்டேன். அந்தாளு கல்லுமேல அவ்ளோ பிரியமா இருக்காரு, விட்டுக்குடுத்துடுய்யான்னுட்டா."

ததியா அவன் மனைவி. அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து என்னைப் பற்றி அப்படிப் பேசியிருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஆனால் அவன் சொன்னதை எப்படி ஏற்க முடியும்? போட்டிக்கு முன்னால் பலி கொடுத்த பன்றியின்மேல் கை வைத்து, நேர்மையாகப் போட்டியிடுவேன் என்று சத்தியம் செய்கிறோம். அப்படிச் செய்துவிட்டு வேண்டுமென்றே தோற்பதா? அதை அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"அப்ப காய்ச்சல்?"

"காய்ச்சல் இல்லையென்று தெய்வத்துக்குத் தெரியாதா, தெயுதாஸ்?"

"அப்ப என்னதாண்ணே பண்றது? ஜெயிக்கவும் கூடாது, தோக்கவும் கூடாது, படுக்கவும் கூடாதுன்னா?"

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் விட்டுக்கொடுத்தால், என்றைக்காவது குடித்துவிட்டு யாரிடமாவது சொல்வான். பெருமைக்காக இல்லை, பாசத்தில் சொல்வான். அதன்பிறகு என் கல் தெயுதாஸ் போட்ட பிச்சையில் நிற்கிற கல்லாகிவிடும்.

நான் யோசித்து முடிப்பதற்குள் அவனே ஓடி வந்தான். விழாவுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று ததியா சொல்லி, ஊருக்கு வெளியே இருக்கிற சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிருக்கிறான். குளிப்பிடத்தைப் பழுதுபார்க்கிறார்களே, அதற்காக மேட்டுப் பக்கத்துப் பழைய மதிலை இடித்து, பளிங்குக் கற்களைச் சுண்ணாம்பாக எரிக்கக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சிரித்துச் சிரித்து அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, மொதல்ல உக்காருங்க. உங்களுக்கு முன்னாடியே ஒருத்தன் இருக்கான். அப்பொல்லாஸ்னு பேரு. உங்க கொள்ளுத்தாத்தா காலத்து ஆளு. அதே எபேசு, அதே சிமிர்னா, அதே நம்ம ஊரு, ஒரே வருஷம். அவனும் முதலாமவன், ஒரே ஒருவன்னு கல்லு வெச்சிருக்காண்ணே, அந்தக் குவியல்ல கெடக்கு."

நான் அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"புரியலியா? உங்க கல்லு வெச்ச அன்னைக்கே பொய்தாண்ணே. இனிமே காப்பாத்த ஒண்ணுமே இல்ல. நான் ஜெயிக்கலாம், எவன் வேணா ஜெயிக்கலாம். நீங்களும் நிம்மதியா இருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் விழா வந்தா உங்க மூஞ்சி எப்படி ஆயிடுதுன்னு நான்தானே பாக்கறேன்."

"யாரிடமாவது சொன்னாயா?"

"உங்ககிட்டச் சொல்லாம வேற எவன்கிட்டச் சொல்லுவேன்? அப்புறமா பாப்பியாஸ் ஐயாகிட்டப் போகணும். அந்தக் கல்லையும் தூக்கி உங்க கல்லுக்குப் பக்கத்துலயே நட்டா எப்படி இருக்கும்? ரெண்டு ஒரே ஒருவன்." அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கல்லை ஏற்றிவர வண்டியோடு நாங்கள் போனபோது காளவாய்க்காரர்கள் மரத்தடிக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். வாய் திறந்த சூளை, உள்ளே கங்கு. கல் அதன் விளிம்பருகே கிடந்தது. வண்டிக்குத் தூக்கிவிடலாம் என்றேன். கனமான பக்கத்தை அவன்தான் பிடித்தான், எப்போதும் அப்படித்தான். அதனால் அவன் பின்னோக்கி நடக்கவேண்டியதாயிற்று. அது அவனுக்குச் சிரமமே இல்லை. அரசி வேடத்தில் தரையில் புரளும் அங்கியோடு, அரண்மனைக்குள்ளே பின்னோக்கிப் போய் மறைவதை அவனைப் போல் செய்ய இந்தப் பக்கத்தில் ஆளில்லை. நான் வழி சொன்னேன். "இன்னும் கொஞ்சம் பின்னால்," என்றேன். போனான். "இன்னும் கொஞ்சம்," என்றேன். போனான். எந்த மேடையிலும் அவன் என் சொல்லைத் தட்டியதில்லை. விளிம்பில் சூடு பட்டதும் நின்று, "அண்ணே, இங்கயா?" என்று கேட்டான். நான் கல்லை முன்னால் தள்ளினேன். முழு பலத்தோடு தள்ளினேன். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கல்லோடு கால் தவறி உள்ளே விழுந்துவிட்டான் என்று நான் கத்தியதும் எல்லோரும் ஓடி வந்தார்கள். எல்லோரும் நம்பினார்கள். அந்தச் சூளைச் சுண்ணாம்பைப் பிறகு யாரும் வாங்கவில்லை. வீணாகப் போகிறதே என்று காளவாய்க்காரர் எனக்குச் சும்மாவே கொடுத்தார். என் கல்லின் பீடம் கொஞ்சம் விரிசல் விட்டிருந்தது, பூசிக்கொண்டேன். வெள்ளை நன்றாக வந்திருக்கிறது.

பின்னே ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். நேற்று ததியா வந்தாள். நகரசபை தெயுதாஸுக்கு ஒரு கல் வைக்கிறதாம், பாப்பியாஸ் கோயில் முற்றத்திலேயே இடம் கொடுத்துவிட்டாராம். சபையார் எழுதிய வாசகத்தைச் சொல்லிக் காட்டினாள். "இரு நகரங்களில் முடிசூடி, மூன்றாவதை நெருங்குகையில், சுண்ணாம்புக் காளவாயில் கால் தவறி விழுந்து மறைந்தவன்" என்று வருகிறது.

"எனக்கு இது நல்லாத் தோணலண்ணா," என்றாள். "என்னவோ குடிகாரன் விழுந்த மாதிரி இருக்கு. உங்க கல்லு மாதிரி கம்பீரமா நாலு வார்த்தை நீங்க சொல்லிக் குடுங்க. உங்களவிட அவரத் தெரிஞ்சவங்க யாரு?"

அவள் சொன்னது சரி. சாண் உயரக் காலணியில், முகமூடியின் சின்னக் கண்துளை வழியாகப் பார்த்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்க ஒரு முறைகூடத் தடுமாறாதவன் அவன். அவனைப் போய்க் கால் தவறினான் என்று கல்லில் வெட்டி, தெய்வத்தின் முற்றத்தில், அதுவும் என் கல்லுக்கு எதிரே நிறுத்தப்போகிறார்கள். தெயுதாஸுக்குக் கால் தவறவில்லை, ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லிவிடுங்கள். மற்றபடி என்னை என்ன செய்யவேண்டுமோ செய்துகொள்ளுங்கள். தெய்வத்தின் முன்னால் ஒரு பொய் நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

என்ன கேட்டீர்கள்? அப்பொல்லாஸின் கல்லைப் பற்றித் தெயுதாஸ் சொன்னபோது நான் திடுக்கிடவில்லையா என்றா?

திடுக்கிட என்ன இருக்கிறது? இப்போது இடித்தார்களே, அந்தப் பழைய மதில் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது, இளவயதில் நான் அங்கே போய்த்தான் குரல் பழகுவேன். அப்பொல்லாஸின் கல்லை மதிலில் எழுத்துத் தெரியும்படிதான் பதித்திருந்தார்கள், எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அதனால்தான் என் முறை வந்தபோது, வாசகத்துக்காகக் கல்தச்சனைக் காக்க வைக்கவில்லை. நல்ல வாசகம் அது, ஐயா. ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை. பெயரை மட்டும் மாற்றினேன்.